மூடிக்கு அடியில் ஒரு வெயில் டயோடு

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதாமல் நின்றவன் நான். இதை எங்கேயும் மறைத்ததில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டம் வாங்கிய முதலாளிகள் நாலு பேர் கூடி நிற்கிற இடத்துக்கு நானே போய் அதை முதலில் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாடின ஆம்ப்ளிஃபயர் யார் செய்தது என்று கேட்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேருக்குப் பதில் தெரியும்.

தொழிற்பேட்டைக்குள் நான் முதலில் நுழைந்தது துடைப்பத்தோடு. பெருக்க வந்தவன் காயில் சுற்றக் கற்றுக்கொண்டேன், பிறகு சால்டரிங், பிறகு சொந்தமாக ஒரு ஷெட். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே ரெசிஸ்டரின் நிறக் கோடுகளைப் படிக்கத் தெரிந்துகொண்டவன் நான். அந்தக் காலத்தில் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்தக் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் மூன்றில் ஒன்று என் பெட்டியில்தான் பாடும். இது பெருமைக்காகச் சொல்வதில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

ஒரே ஒரு குறை இருந்தது. என் பெயரைப் போட்டு, சீல் குத்தி, இன்னதைக் கண்டுபிடித்தவர் இவர் என்று சொல்கிற காகிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எந்த மனுவைப் பூர்த்தி செய்தாலும் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் வரும். அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நிற்கும். எழுபதைத் தாண்டியும் நின்றது. போன வருஷம் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் வந்து, சிறுதொழில் செய்பவர்களும் பேடன்ட் வாங்கலாம், சலுகை உண்டு, படிப்பு கேட்க மாட்டார்கள் என்று பேசினார். நான் கடைசி வரிசையில் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு கேட்க மாட்டார்கள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சமோசாவைக் கீழே வைத்துவிட்டேன். வெயில் டயோடுக்கு வாங்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாயிற்று.

வெயில் டயோடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பயாஸ்.

சிக்னலில் பஸ் நிற்கும்போது டிரைவர் இன்ஜினை அணைக்க மாட்டார். உறுமிக்கொண்டே நிற்கும், பச்சை விழுந்ததும் குலுங்காமல் கிளம்பும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிற பெரிய டிரான்சிஸ்டர்களும் அப்படித்தான். பாட்டு வராத நேரத்திலும் அதற்குள் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கிற சர்க்யூட்டுக்குத்தான் பயாஸ் என்று பெயர். பயாஸ் குறைந்தால் குரல் கரகரக்கும். கூடினால் டிரான்சிஸ்டர் சூடாகும். சூடானால் இன்னும் மின்சாரத்தை இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடாகும். கடைசியில் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். கூட்டம் மொத்தமும் திரும்பி மைக் செட்காரனைப் பார்க்கும்.

அப்படிப் பார்க்கப்பட்ட ஆள் ஒருவன் இன்றுவரை என்கூட இருக்கிறான். நசரத்பேட்டையில் மைக் செட் வைத்திருந்தவன். நான் சொந்தமாகச் செய்த முதல் ஆம்ப்ளிஃபயரை வாங்கியவன். என்னை மாமே என்பான், நான் அவனை மச்சான் என்பேன். எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது. அவனுடைய பெட்டிகள் சித்திரை வெயிலில் மூன்று தடவை செத்தன. மூன்றும் நான் செய்தவை. மூன்றாவது தடவை ஒரு கட்சிக் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது செத்தது. சதி என்று சொல்லி இவனை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போய்விட்டார்கள். மறுநாள் சட்டைக் காலர் கிழிந்தபடியே என் ஷெட்டுக்கு வந்து பெட்டியை மேசைமேல் வைத்தான்.

"மாமே, நீ செஞ்சது மழைக்காலத்துக்கு மட்டும் பாடுற பொட்டி. தவளைக்கு வித்துடு."

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம் அவனே ஒரு வழி செய்துகொண்டான். மத்தியான நிகழ்ச்சி என்றால் ஒரு கோணிச் சாக்கை நனைத்துப் பிழிந்து பெட்டியின் மூடிமேல் போட்டுவிடுவான். பேட்டரியில் ஓடுகிற செட், ஷாக் பயம் கிடையாது. சாக்கு காயக் காய மறுபடி நனைப்பான். அந்த வருஷம் ஒரு பெட்டிகூடச் சாகவில்லை. இதை அவன் சும்மா பேச்சுவாக்கில் சொன்னான். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. டிரான்சிஸ்டர் இருப்பது பெட்டிக்குப் பின்பக்கம், சூட்டை வெளியே தள்ள அலுமினியச் சிறகு வைத்த இடத்தில். இவன் குளிரவைப்பது மேல்மூடியை. மூடியைக் குளிரவைத்தால் பின்னால் இருக்கிறது ஏன் பிழைக்க வேண்டும்?

பட்டம் வாங்கினவர்கள் யாரிடமாவது கேட்டிருந்தால் ஏதாவது சமன்பாடு எழுதியிருப்பார்கள். நான் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏணி வைத்து ஏறி, ஒரு பெட்டியை வெயிலில் வைத்துப் பாடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தெர்மாமீட்டர் கிடையாது, விரல்தான். நாலு விரலை வைத்து எண்ணுவேன். பத்து எண்ணுகிறவரை தாங்கினால் கவலையில்லை. ஐந்து என்றால் உஷார். மூன்றுக்குள் கையை எடுத்துவிட்டால் ஆபத்து. மூடியில் ஒரு தடவை, சிறகில் ஒரு தடவை, மாற்றி மாற்றி எண்ணி ஒரு அட்டையில் குறித்தேன். பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டுகிறவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னா அண்ணாத்தே, அப்பளம் காய வெச்சிகினு கீறியா?"

நாலு நாள் அப்பளம் காய வைத்ததில் தெரிந்தது இதுதான். வெயிலில் முதலில் சுடுவது மூடி. மூடி சுட்டு, உள்ளே காற்று சுட்டு, அப்புறம்தான் டிரான்சிஸ்டருக்கு வருகிறது. ஆனால் சூட்டை மோப்பம் பிடித்துப் பயாஸைக் குறைக்கிற டயோடுகளை எல்லோரும் டிரான்சிஸ்டர் பக்கத்திலேயே வைக்கிறார்கள். அவற்றுக்குச் செய்தி போய்ச் சேரும்போது காரியம் கெட்டுவிடுகிறது. திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு குரைக்கிற நாய் மாதிரி. அதனால் நான் வரிசையில் இருந்த மூன்று டயோடுகளில் ஒன்றைக் கழற்றி, இரண்டு ஒயர் நீட்டி, மூடிக்கு அடியில் பசை போட்டு ஒட்டிவிட்டேன். வெயில் மூடியைத் தொட்டதுமே பயாஸ் இறங்க ஆரம்பிக்கும். டிரான்சிஸ்டர் சூடாவதற்குள் தயாராகிவிடும்.

உடனே ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை பயாஸ் ஒரேயடியாக இறங்கிப் போய், சாமி பாட்டு ஜலதோஷம் பிடித்த மாதிரி வந்தது. மூடி டயோடு சொல்வதை முழுக்கக் கேட்கக் கூடாது, பாதி கேட்க வேண்டும். அதற்கு டயோடின் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட வேண்டியிருந்தது. எந்த ரெசிஸ்டர் என்று கண்டுபிடிக்க அந்தக் கோடை முழுவதும் போயிற்று. என் மனைவி மத்தியானச் சோற்றை ஏணிமேல் நின்றுகொண்டுதான் கொடுப்பாள். முகமெல்லாம் தோல் உரிந்துவிட்டது. இப்போது நினைத்தால் அந்தக் கூரையில் இருந்த மாதிரி சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை. கீழே லேத் ஓடுகிற சத்தம், மேலே வெயில், நடுவில் நானும் பாடிக்கொண்டிருக்கிற ஒரு பெட்டியும்.

வெயில் டயோடு என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

பெட்டிகள் விற்க ஆரம்பித்த பிறகு ஒரு தொல்லை வந்தது. வேப்பம்பட்டுக்குப் போன ஒரு பெட்டியை அங்கே ஒரு மெக்கானிக் திறந்திருக்கிறார். மூடியோடு இரண்டு ஒயர் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வேகமாகத் தூக்கியதில் ஒயர் அறுந்தது. தேவையில்லாத ஒயர் என்று நினைத்து அப்படியே மூடிவிட்டார். போட்ட அரை மணியில் டிரான்சிஸ்டர் இரண்டும் போயின. அவர்மேல் தப்பில்லை. அன்றிலிருந்து நான் விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் முழு சர்க்யூட்டையும் வரைந்து, நகல் எடுத்து, மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். வெயில் டயோடை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். மற்ற கம்பெனிக்காரர்கள் பார்ட்டு நம்பரைச் சுரண்டி அழித்து விற்ற காலம் அது. நான் படம் போட்டு விற்றேன். எவன் வேண்டுமானாலும் திறக்கட்டும், எவன் வேண்டுமானாலும் சரி செய்யட்டும் என்பேன்.

அந்தப் படத்தில் ஒரு தப்பு உண்டு. பயாஸ் என்ற சொல்லை நான் காதால் கற்றவன். இங்கிலீஷில் பி, ஐ, ஏ, எஸ் என்று எழுத வேண்டியதை பி, ஒய், ஏ, எஸ் என்று எழுதிவிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே ஒட்டியிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

இனி பேடன்ட் கதை.

சங்கத்தில் ஒரு பேடன்ட் ஏஜென்ட் அம்மாவின் விலாசம் கொடுத்தார்கள். முகப்பேர் பக்கம் மாடியில் ஒரு அறை. நாற்பது வயது இருக்கும். முதலில் இன்ஜினியராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி ராணுவத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவராம், குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். மச்சானும் கூட வருவேன் என்று அடம் பிடித்து வந்தான். நான் புதிதாகச் செய்த பெட்டி ஒன்றையும், என் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரில் சுத்தமாக வரைந்த படத்தையும் எடுத்துப் போயிருந்தேன். பெருக்க வந்த நாளிலிருந்து கதையை ஆரம்பித்தேன். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஐயா, முதல்ல சர்க்யூட்டப் பாத்துடறேன். கதைய அப்புறம் கேக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேசாமல் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். போனோம். மேசைமேல் கத்தையாகக் காகிதம். மூன்று கேள்விதான் என்றார். இது புதுசா? இந்தத் தொழில் தெரிந்த எவனும் உட்கார்ந்தால் தானாகவே செய்துவிடக் கூடியதா, இல்லை யோசித்தால்தான் வருமா? தொழிற்சாலையில் செய்து பயன்படுத்த முடியுமா? மூன்றாவது பிரச்சினையே இல்லை என்று பெட்டியைத் தட்டினார். முதல் கேள்விக்கு இரண்டு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். டிரான்சிஸ்டரின் தலையிலேயே டயோடைக் கட்டுவது, அதை வைத்துப் பயாஸைக் குறைப்பது, எல்லாம் வெளிநாட்டுப் பழைய புத்தகங்களிலேயே இருக்கிறதாம். படத்தைப் பார்த்தேன். ஆமாம், இருந்தது. நான் பிறந்து வளர்வதற்குள் எவனோ செய்து முடித்திருக்கிறான். வெள்ளைக்காரன் கூரைமேல் ஏறவில்லையே என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மா சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏறலதான் போலிருக்கு. மூடில ஒரு டயோடு, அதுக்குக் குறுக்க ஒரு ரெசிஸ்டர், டிரான்சிஸ்டருக்குச் சூடு வர்றதுக்கு முன்னாடியே பயாஸ இறக்கறது. இதத் தேடித் தேடிப் பாத்துட்டேன், எங்கயும் கிடைக்கல. தொழில் தெரிஞ்சவங்க எல்லாரும் டயோடச் சூடான இடத்துக்குப் பக்கத்துலதான் கொண்டுபோவாங்க. நீங்க தள்ளிக் கொண்டுபோயிருக்கீங்க. இதுல விஷயம் இருக்குங்கய்யா."

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. எழுபது வயதில் ஒருவனுக்கு இப்படி ஆகலாமா என்று கேட்காதீர்கள். ஆயிற்று.

கண்டுபிடித்தது நீங்கள் ஒருவர்தானா என்று அடுத்துக் கேட்டார். நான் ஒருவன்தான் என்றேன். பக்கத்தில் ஒரு இருமல்.

"ஈரக் கோணி என்னுதும்மா" என்றான் மச்சான்.

அதை அந்த அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முழுக்க விசாரித்தார். சாக்குப் போட்டது பெட்டியைக் காப்பாற்ற, அதிலிருந்து சர்க்யூட்டை யோசித்தவர் இவர், அதனால் கண்டுபிடித்தவர் இவர், நீங்கள் சாட்சி என்று தீர்ப்புச் சொன்னார். சாட்சி என்றால் கோர்ட்டுக்கெல்லாம் வர மாட்டேன் என்றான் அவன்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இது இப்போது புதிதாக யோசித்ததா, இல்லை பழைய மாடல்களிலும் இருந்ததா? இதுவரை விற்றதுண்டா? வெளியில் யாருக்காவது காட்டியதுண்டா? மனு போடுவதற்கு முன்பே இது ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தால் சட்டப்படி அது புதுசு இல்லை, கண்டுபிடித்தவரே காட்டியிருந்தாலும் அப்படித்தான் என்றார்.

வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் மச்சான் என் காலை ஓங்கி மிதித்தான்.

"யோசிச்சி சொல்றேம்மா" என்றேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அந்த அம்மா கேட்கவில்லை. சரிங்கய்யா என்றார். என் வாழ்க்கையில் என் பெட்டியைப் பற்றி ஒருவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்தது அன்றுதான்.

கீழே டீக்கடையில் மச்சான் பிடித்துக்கொண்டான்.

"இப்ப இன்னா பூட்ச்சி? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. பழைய பொட்டிலாம் காயலாங்கடைக்குப் போய் எவ்ளோ நாளாச்சி. எவன் வெச்சிகினு கீறான்?"

"காட்டுப்பாக்கம் கோயில்ல கீதே."

"அது ஒண்ணுதான். அத்தையும் நான் பாத்துக்கறேன். படத்த உரிச்சி, டயோடக் கழட்டிட்டா அது வெறும் தகர டப்பா. நீ வாய மட்டும் மூடிகினு இரு மாமே, அது உனக்கு வராது, கஸ்டந்தான், ஒரு நாளைக்குப் பயகிக்கோ."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சீல் குத்தின காகிதம் கண்முன் ஆடிக்கொண்டிருந்தது. அதில் என் பெயர் எந்த இடத்தில் வரும், மேலேயா நடுவிலா என்றுகூட நினைத்துப் பார்த்தாயிற்று. டீ ஆறிவிட்டது. எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனோம். அம்மன் கோயில். மடப்பள்ளியை ஒட்டி ஒரு சின்ன அறை, எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் அலமாரியில் பெட்டி. மச்சான் அந்தக் கோயிலுக்குப் பல வருஷம் மைக் செட் கட்டியவன் என்பதால் பூசாரி சாவியைக் கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மச்சான் ஒரு பிளேடும் ஈரத் துணியும் கொண்டுவந்திருந்தான். ஸ்க்ரூவைக் கழற்றினான். மூடியை ஒரு சாண் மட்டும், மெதுவாக, பக்கவாட்டில் தூக்கினான். ஒயர் இழுபடக் கூடாது என்று. திருட வந்த இடத்தில்கூட அவன் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

டயோடு இருந்தது. படமும் இருந்தது. ஆனால் அது நான் ஒட்டிய படம் இல்லை.

தாள் வேறு, கோடு வேறு, வரைந்த கை வேறு. பெட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் அதுவும் என்னுடையது இல்லை. அதே அளவு, அதே சாம்பல் நிறம், யாரோ செய்தது. எப்போதோ என் பெட்டி போய், இது வந்திருக்கிறது. மச்சானும் கவனிக்கவில்லை. அந்தப் படத்தில் சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் பி, ஒய், ஏ, எஸ். என் தப்பையும் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறான் மகராசன். ஓரங்களில் இரண்டு மூன்று பேர் வெவ்வேறு மையில் தாங்கள் மாற்றிய பார்ட்டுகளைக் குறித்திருந்தார்கள். ஒருவர் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார். வெயில் டயோடு. கழற்றாதே.

நான் அந்தப் பெயரை எந்தப் படத்திலும் எழுதியதில்லை. வாயால் சொன்னதுதான். அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

மச்சான் துணியை நனைத்துக்கொண்டிருந்தான்.

"மூடு மச்சான்."

"உரிக்கல?"

"இது நம்மளுது இல்ல. யாருத உரிப்ப?"

அவன் தாளைக் கிட்டே போய்ப் பார்த்தான். படிக்க நேரம் பிடித்தது. பிறகு பிளேடைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "காப்பி அட்ச்சிகீறான் பாரு, எய்த்துகூட மாறல" என்றான். குரலில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக முடுக்கினான். நான் வெளியே போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். பூசாரி வந்து சுண்டல் கொடுத்தார். பெட்டி நன்றாகப் பாடுகிறதா என்று கேட்டேன். வெயிலில்கூடக் குறை சொல்ல முடியாது என்றார்.

அங்கிருந்து நேராக ஏஜென்ட் அம்மாவிடம் போனோம். ஆட்டோவில் மச்சான் ஒரே ஒரு தடவை, இன்னொரு ஏஜென்ட் பார்க்கலாமா என்றான். நான் ஆட்டோக்காரரிடம் முகப்பேர் என்று இன்னொரு தடவை சொன்னேன்.

அந்த அம்மாவிடம் முழுக்கச் சொன்னேன். எத்தனை வருஷம் விற்றேன், எங்கெங்கே போனது, படம் ஒட்டியது, சிவப்பு வட்டம், காட்டுப்பாக்கத்துப் பெட்டி, பிளேடு கொண்டுபோனது உட்பட. பிளேடைச் சொல்லும்போது மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"நேத்து இல்லன்னு சொல்லியிருந்தா நான் மனு போட்டிருப்பேன். என்னைக்காவது ஒரு மெக்கானிக் ஒரு பழைய பெட்டியக் கொண்டுவந்து வெச்சா அதோட எல்லாம் போயிருக்கும். உங்க பேரும் சேந்து." பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "இதுக்கு பேடன்ட் கிடைக்காதுங்கய்யா. இது இப்ப எல்லாரோடதும்."

தெரியும் என்றேன். தெரிந்து போனாலும், ஒருவர் வாயால் கேட்கும்போது வேறு மாதிரிதான் இருக்கிறது. மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

கேட்டு வந்த வேலை என்பதால் கருத்தை எழுத்தில் கொடுத்துத்தான் அனுப்புவாராம். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். யோசனை இவருடையது, செய்த காலத்தில் புதுசாக இருந்திருக்கிறது, லேசில் யாருக்கும் தோன்றக் கூடியது இல்லை, ஆனால் கண்டுபிடித்தவரே விற்றும் படம் ஒட்டியும் எல்லோரும் அறியும்படி செய்துவிட்டார் என்று தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார்.

"முதல் முதலா இது வெளிய போன நாள் ஒண்ணு வேணும். ஞாபகம் இருக்குங்களா? அன்னைக்கு நீங்க கதை சொல்ல வந்தீங்க, நான் நிறுத்திட்டேன். இப்ப சொல்லுங்க."

அந்த நாள்தான் எனக்கு அந்தச் சீல் குத்தின காகிதம் கிடைக்காமல் போன நாள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. சொன்னேன்.

நசரத்பேட்டையில் தீமிதி. சித்திரை மாதம். வயல் வெட்டவெளி, ஒரு மரம் கிடையாது. டிராக்டர் டிரெய்லர்மேல் பெட்டியை வைத்தோம், மேலே ஒன்றும் போடவில்லை, போடக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. டிரெய்லரின் தகரத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டது. மச்சான் பெட்டியைப் பார்க்கவில்லை, ஓடுவதற்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. குண்டத்தில் கட்டை அடுக்கிப் பற்றவைத்தார்கள், அந்த அனலும் இந்தப் பக்கம் வந்தது. மூன்று மணிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கி, யாரோ ஒருவருடைய செருப்பைக் காணோம் என்று பத்து நிமிஷம் அறிவித்தார். அவ்வளவு சின்னக் குரல், ஒரு இடத்தில்கூடக் கரகரக்கவில்லை. அந்தச் செருப்பு அறிவிப்பைக் கேட்டு நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் செருப்பு என்னுடையது என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

அந்த அம்மா தட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலம்மா. இருட்டற வரைக்கும் பாடிகினே இருந்துச்சி."